தண்ணீர் குடிக்காத பெண்கள்

போன வாரம் கல்முனையில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு — தொழிலாளர் உரிமைகள். பெனர் கட்டியிருந்தார்கள். மைக் இருந்தது. ரோல்ஸும் பிளேன்டீயும்கூட இருந்தன. தொழிலாளர்களைத்தான் காணவில்லை. விசாரித்தேன்.

"இண்டைக்கு வேலை நாள்தானே மிஸ்" என்றார் ஏற்பாட்டாளர்.

நியாயம்தான்!

ஒரு பேச்சாளர் மேசையைத் தட்டிக் கேட்டார்: "இந்தப் பக்கத்தில் தொழிற்சங்கம் ஏன் வளரவில்லை? மக்களிடம் விழிப்புணர்வு இல்லை!" எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்படியா? எனக்கு ஓர் அரிசி ஆலை ஞாபகம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு சில வருடங்கள், யுத்தம் முடிகிற காலம் வரைக்கும், நான் ஓர் உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அந்த ஆலை எங்கள் அலுவலகத்துக்கு அருகில். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் காயவைப்பது பெண்களின் வேலை. களத்தின் ஒரு பக்கம் வீரமுனை, சொறிக்கல்முனைத் தமிழ்ப் பெண்கள். மறுபக்கம், கடலுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தகரக் கொட்டில்களில் இருந்த முஸ்லிம் பெண்கள். நடுவில் யாரும் கோடு கீறவில்லை. ஆனாலும் கோடு இருந்தது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இல்லாதது ஒன்று — கழிப்பறை. ஆண்கள் ஆலைக்குப் பின்னால் பற்றைக்குள் போய் வந்தார்கள். பெண்கள்? காலையில் வீட்டில் ஒரு தேத்தண்ணி. அதன்பிறகு வேலை முடியும்வரை ஒரு மிடறு தண்ணீர் இல்லை. அந்த வெயிலில்!

ஒரு நாள் ஜெமீலா களத்திலேயே மயங்கி விழுந்தாள். சுனாமியில் கணவனை இழந்தவள். அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது மறுபக்கத்துப் பரமேஸ்வரி. வீரமுனைக்காரி, வாயாடி. சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் டொக்டர். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்.

"தண்ணி குடிச்சா எங்க போறது டொக்டர்?" என்று ஜெமீலா கேட்டாளாம்.

டொக்டர் மருந்துத் துண்டை எழுதி நீட்டினாராம்.

அந்த நேரம் கொழும்பிலிருந்து ஒரு தொழிற்சங்கக்காரர் வந்திருந்தார். சிங்களவர், நல்ல மனிதர். பாலர் பாடசாலை ஒன்றில் கூட்டம் வைத்தோம். சின்னச் சின்னக் கதிரைகளில் இரண்டு பக்கத்துப் பெண்களும் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒற்றுமை பற்றிப் பேசினார். நான் தமிழில் சொன்னேன். கேட்டு முடிந்ததும் பரமேஸ்வரி எழும்பினாள்.

"சங்கம் வந்தா கக்கூஸ் வருமா?"

முதலில் ஆள் சேர்க்க வேண்டும், பிறகு பதிவு, பிறகு பேச்சுவார்த்தை என்று அவர் விளக்கினார்.

"அதுவரைக்கும் அடக்கிட்டு இரிக்கிறதா?" என்றாள் ஜெமீலா.

இதை நான் சிங்களத்தில் சொல்லச் சிரமப்பட்டேன்.

விஷயம் மறுநாளே ஆலைக்குப் போய்விட்டது. மனேஜர் முஸ்லிம் பெண்களைத் தனியே கூப்பிட்டார். "அவங்களோட சேந்து சங்கம் வெக்கிறயளா? ஊருல என்ன கதைப்பாங்க?" பிறகு தமிழ்ப் பெண்களிடம் போனார். "கூட்டம் கூடினா ஆமி விசாரிக்கும். நான் பொறுப்பில்ல, சொல்லிட்டன்."

ஆமியின் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் தமிழ்ப் பெண்கள் தினமும் வேலைக்கு வர வேண்டும். இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்? அடுத்த கூட்டத்துக்கு நானும் தொழிற்சங்கக்காரரும் மட்டும் போயிருந்தோம். கதிரைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

விழிப்புணர்வு இல்லாததா காரணம்? எனக்கென்னவோ, அவர்கள் அளவுக்கு மீறி விழித்திருந்தார்கள் என்றே தோன்றியது.

முதலாளி கொடுமைக்காரர் இல்லை. சுனாமி நேரம் மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்தவர். ஆனால்... தானாகக் கொடுப்பது வேறு, கேட்டுக் கொடுப்பது வேறு. கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

சில வாரங்கள் போயின. ஒரு காலை பெண்கள் எல்லோரும் போத்தல்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தாராளமாகக் குடித்தார்கள். ஆலைக்கு அடுத்த வளவில்தான் முதலாளியின் வீடு. முதலில் ஜெமீலாவும் பரமேஸ்வரியும் போய்க் கதவைத் தட்டினார்கள்.

"ராத்தா, பாத்ரூமுக்கு ஒருக்காப் போகணும்."

முதலாளியின் மனைவி எப்படி மறுப்பார்? அவரும் பெண்தானே. விட்டார். அவர்கள் திரும்பி வர அடுத்த இருவர். ஒரு முஸ்லிம் பெண், ஒரு தமிழ்ப் பெண். பிறகு அடுத்த இருவர். பகல் சமையல் நின்றது. தாங்கியில் தண்ணீர் முடிந்தது. மறுநாளும் அப்படியே. கோஷம் இல்லை, கொடி இல்லை. யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. பாத்ரூமுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியின் மனைவி கணவரிடம் சொன்னாராம்: "அந்தப் புள்ளைகளுக்கு ஒண்டக் கட்டிக் குடுங்க. இல்லாட்டி நான் உம்மா ஊட்ட போறன்."

கழிப்பறை வந்தது. கதவும் தாழ்ப்பாளும் உள்ளே குழாயும். கூலி, லீவு, சேமலாப நிதி — இவற்றில் ஒன்றும் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. அடுத்த போகத்து நெல் வந்து வேலை தொடங்கிய அன்று, ஜெமீலாவை மட்டும் கேற்றில் மறித்தார்கள். அவளுக்கு வேலை இல்லையாம். காரணம் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் மதிலோரம் நின்றாள். முஸ்லிம் பெண்கள் தயங்கினார்கள். ஒருத்தி உள்ளேயும் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் பிள்ளைகள்.

பின்னால் வந்த பரமேஸ்வரி விஷயத்தைக் கேட்டாள். ஜெமீலாவின் பக்கத்தில் போய் மதிலோரம் குந்தினாள். அவளோடு வந்த பெண்களும் குந்தினார்கள். பிறகு முஸ்லிம் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உள்ளே போனவளும் வெளியே வந்தாள்.

அவித்த நெல் ஆவி பறக்கக் குவிந்து கிடந்தது. பரப்ப ஆளில்லாவிட்டால் புழுங்கி நாறிப்போகும். மனேஜர் ஓடி வந்தார்.

"பரமேசு, ஒனக்கென்ன வந்த? இவ ஒங்கட ஆளா?"

"ஓம்" என்றாள் பரமேஸ்வரி. "எங்கட ஆள்தான்."

வெயில் ஏறுமுன் முதலாளியே கேற்றுக்கு வந்து, எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஜெமீலாதான் முதலில் போனாள்.

அந்த ஆலையில் கடைசிவரை எந்தத் தொழிற்சங்கமும் பதிவாகவில்லை. பதிவாகவில்லை... அவ்வளவுதான்.