மூன்றாவது தட்டு

இரண்டே தட்டு. மூன்றாவது தட்டு ஜெயம்மாளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. தோல் காய்ந்த மேளத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, தலையைச் சாய்த்து, ஆள்காட்டி விரலால் தட்டுவாள். கிண்ணென்றால் வலப்பக்கம், தொப்பென்றால் இடப்பக்கம். அவள் இடப்பக்கம் ஒதுக்கியதை வலப்பக்கம் மாற்ற, கட்டிக்கொண்ட மனுஷனுக்கே தைரியம் இருந்ததில்லை.

மார்கழி பிறந்துவிட்டால் திருப்புலிவனம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவள் கடை விரிந்துவிடும். மற்ற மாதங்களில் நடவு, களையெடுப்பு, கிடைத்த கூலி வேலை. சாண் அகல மண் வளையத்தின் ஒரு வாயை எருமைக்கன்றுத் தோலால் மூடி, பசை தடவி, இழுத்துக் காயவைத்தால் போகி மேளம். பழம்பாயும் துடைப்பமும் எரியும் விடியலில் வட்டாரத்துப் பிள்ளைகள் கொட்டித் தீர்ப்பது இதைத்தான். அன்று சாயங்காலத்துக்குள் பாதி கிழிந்திருக்கும், மீதி உடைந்திருக்கும். நாலு மழையில் தோல் மக்கி, ஓடு நொறுங்கி, மண் எடுத்த ஏரியோடு போய்ச் சேரும்.

பிளாஸ்டிக் மேளம் பத்து வருஷம் உழைக்குமே என்று போன வருஷம் ஒருவர் சொல்லிவிட்டார். ஜெயம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பத்து வருசம் வூட்ல வச்சிக்கினு இன்னா பண்ணுவ நைனா? பயசக் கயிக்கிற நாளுக்கு அடிக்கிறது. அதுவே பயசாப் பூடாதா?"

வளையம் வாங்கும்போதும் அவளுக்கு ஒரு முறை உண்டு. குயவர் கிருஷ்ணசாமி எடுத்து நீட்டும் வளையத்தின் விளிம்பை முன்பல்லால் மெல்லக் கடிப்பாள். மண் உதிர்ந்தால் வேக்காடு போதாது. "இன்னா ஜெயம்மா, நாஷ்டா துன்னாம வந்துட்டியா?" என்று அவரும் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

இரண்டு வருஷமாக அவளுக்கு ஊர் மீது ஒரு குறை. "எல்லாரும் வாயிக்குள்ளயே பேசிக்கினு கீறாங்கோ. தெறந்து பேசனா முத்து கொட்டிடுமா?" செல்போனில் அவள் பேசினால் அவள் வீட்டுச் சங்கதி பஸ் ஸ்டாப் முழுக்கத் தெரிந்துவிடும்.

இந்த வருஷம் போகிக்கு ஒன்பது நாள் இருக்கையில் வலப்பக்கம் பத்து மேளம்கூட இல்லை. இடப்பக்கம் மலையாய்க் குவிந்து கிடந்தது. முதலில் பனியைத் திட்டினாள். பிறகு வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடு காட்டினாள். குரல் வரவில்லை என்று மேலும் மேலும் காட்டியதில் முப்பதுக்கு மேல் கிழிந்துபோயின. மருமகள் திலகா, "அத்த, நல்லாத்தான கீது" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டு அடங்கிவிட்டாள். கடைசியில் பழி வஹாப் பாய் தலையில் விழுந்தது. உத்திரமேரூர் கடைத்தெருவில் அப்பா காலத்திலிருந்து தோல் வியாபாரம் செய்பவர். கூப்பிட்டனுப்பியதும் வண்டியில் வந்து இறங்கினார்.

"இன்னா பாய், தோலா இது? ஒண்ணுத்துக்கும் கொரல் இல்ல. ஜெயம்மா மேளம்னு சொல்லி வாங்கறவனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு வெடுக்கென்று திரும்பி, வைக்கோல் நெருப்பைப் பார்க்க நடந்தாள். எங்கோ தூரத்தில் யாரோ துணி துவைப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

நிமிர்ந்தபோது எதிரே திலகா பசைச் சட்டியை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். கம்பத்தில் கட்டிய ஆடு கயிற்றை இழுத்துத் துள்ளியது. பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ முகம் சுளித்துப் பார்த்தார்கள். லாரிதான் மேலே ஏற வருகிறது என்று பதறித் திரும்பினாள்.

லாரி இல்லை. வஹாப் பாய் இடப்பக்கக் குவியலிலிருந்து ஒரு மேளத்தை எடுத்து, இரண்டு குச்சியால் விளாசிக்கொண்டிருந்தார். கை ஏறி இறங்கியது. துணி துவைக்கும் சத்தமும் கூடவே ஏறி இறங்கியது.

"நெசமா அடிக்கிறியா பாய்?" என்று கேட்டாள்.

பாய் கையை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

"காது கிய்யிற மாதிரி அடிச்சிக்கினு கீறேன் ஜெயம்மா," என்றார். தோலுக்காகச் சண்டை போட வந்தவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

ஜெயம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கிழிந்த முப்பதையும் பார்த்தாள். ஒன்றில்கூடக் குறை இருந்திருக்காது. தன் கையாலேயே கொன்று போட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் சோறு போட்ட காது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தது.

திலகா தண்ணீர் கொண்டுவந்தாள். ஜெயம்மாள் குடிக்கவில்லை. பாயின் கையிலிருந்த மேளத்தைக் கேட்டு வாங்கினாள். வளையத்தின் விளிம்பை முன்பல்லில் கவ்விக்கொண்டு, கண்ணை மூடித் தட்டினாள். தாடை எலும்புக்குள் கிண்ணென்று ஏதோ அதிர்ந்தது. இன்னொரு முறை தட்டினாள். மூன்றாவதாகவும் தட்டிப் பார்த்துவிட்டு, அதை வலப்பக்கம் வைத்தாள்.