பயம் அக்கா

அச்சுப்படியில் 'தயக்கம்' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே 'பயம்' என்று எழுதுகிறார் அக்கா. பக்கத்தைத் திருப்புகிறார். அங்கே 'கலக்கம்'. அதற்கும் ஒரு கோடு, மேலே 'பயம்'. எல்லாம் சிவப்புப் பேனாவில். மை தீர்ந்தால் என் மேசையில் இருப்பதை எடுத்துக்கொள்வார். கேட்கவும் மாட்டார், திருப்பித் தரவும் மாட்டார்.

எங்கள் பதிப்பகத்தில் இவருக்குப் பயம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். மொழிபெயர்ப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர், நரையை மறைக்காதவர், தேநீரை நன்றாக ஆறவிட்டுத் தண்ணீர் குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடிப்பவர். தோளில் துணிப்பை, முழங்கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். உட்கார்ந்ததும் அந்த ஹெல்மெட்டைத் தூக்கி அச்சுப்படிகளின்மேல் வைப்பார், காற்றில் பறக்காமல் இருக்க. பக்கம் வடிவமைக்கும் என் மேசைக்கு எதிர்மேசை அவருடையது. மூன்று வருடமாக அவர் முணுமுணுப்பெல்லாம் என் காதில்தான் விழுகிறது.

அவர் கையில் இருப்பது பழைய வேற்றுமொழிப் புதினம் ஒன்று. குதிரை, வாள், கவசம், சபதம் என்று தலையணை பருமன் இருக்கும். நாயகன் ஒரு குதிரைவீரன், பிரபு குலத்தவன். அவனுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பான். சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு குதிரை ஏறுவான். அதே சொல்லைத்தான் அவன் சமையல்காரனும் சொல்கிறான், லாயக்காரனும் சொல்கிறான், கடைசியில் சாகக் கிடக்கும் அரசனும் சொல்கிறான். மூலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். அக்காவும் எல்லோருக்கும் 'பயம்' என்றே போட்டிருந்தார்.

முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. வீரன் வாயிலும் அரசன் வாயிலும் வரும் பயத்தையெல்லாம் தயக்கம், கலக்கம், யோசனை என்று மாற்றி என்னிடம் அனுப்பிவிட்டார். சமையல்காரன், லாயக்காரன் பயத்தில் மட்டும் கை வைக்கவில்லை. நான் சொன்னதைச் செய்கிறவன், மாற்றினேன். அச்சுப்படியைப் பார்த்த அன்று அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நான் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே ஓடிவிட்டேன்.

"பிரபுவுக்குன்னா தயக்கம், அடுப்படியில நிக்கிறவனுக்குன்னா பயமா தம்பி? இது எந்த ஊரு நியாயம்?"

இந்தச் சண்டை அவர் வீட்டுக்கும் போயிருக்கிறது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "குழிக்குள்ள இறங்கும்போது உங்களுக்கு வர்றது தயக்கமா, பயமா?" என்று சாப்பிடும்போது அக்கா கேட்டிருக்கிறார். மனிதர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாராம்: "தயக்கம்னா லீவு போட்டுடுவேன். பயம்னா பெல்ட்டை மாட்டிக்கிட்டு இறங்குவேன்." அக்கா இதை என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

இன்று அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்து நின்றார். அக்கா ஒப்புதல் கையெழுத்துப் போடாமல் புத்தகம் அச்சுக்குப் போகாது. ஒப்பந்தம் அப்படி.

"மேடம், வாங்குறவன் வீரனைத் தேடித்தான் வாங்குறான். பக்கத்துக்குப் பக்கம் பயந்து சாகுறவனை யாரு படிப்பா?"

"சாகலையே சார். பயப்படுறான், போறான். ஒரு சண்டையிலயாவது திரும்பி ஓடியிருக்கானா, காட்டுங்க."

"நான் மாத்தினபடியே கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல கிடப்புல போடவா? சும்மா மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. அப்புறம் இது வெளியவே வராது."

இத்தனை காலம் மற்றவர்கள் பெயரில் வந்த புத்தகங்களுக்குத் திருத்தம் போட்டே வாழ்ந்தவர் அக்கா. அட்டையில் தன் பெயர் வரப்போகும் முதல் புத்தகம் இதுதான். அட்டையை நான்தான் வடிவமைத்தேன். காட்டிய அன்று பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கோ?" என்று கேட்டார், முகமெல்லாம் சிரிப்பு. போட்டுத் தொலையுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் பேனாவை மூடினார்.

"கிடக்கட்டும் சார். இன்னும் எத்தனை வருஷம்னாலும் கிடக்கட்டும். பிரபுவுக்கு ஒண்ணு, சமையல்காரனுக்கு ஒண்ணுன்னு என் கையால வராது."

முதலாளி ஹெல்மெட்டை நகர்த்தி வைத்துவிட்டு அச்சுப்படிக் கட்டைத் தூக்கினார், அலமாரியில் வைத்துப் பூட்டினார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்று வருட உழைப்பு அந்த அலமாரிக்குள் போய்விட்டது.

வாசல்வரை அக்கா கூடவே போனேன். ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்க இரண்டு தடவை முயன்றார், மூன்றாவதில்தான் நுழைந்தது. பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது.

"பயமா இல்லையாக்கா?"

"ஏன் இல்லாம? பயமாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினார். தாடைக்குக் கீழே வாரை இழுத்து, கிளிக்கென்று சத்தம் வரும்வரை இறுக்கினார்.