பொட்டலம் சுத்த ஆள் வந்தாச்சு

என் பேத்தி புக்கிட் பாஞ்சாங்ல நாய்க்குட்டிய புள்ளவண்டில வச்சுத் தள்ளிட்டுப் போறா. அது கால நீட்டிக்கிட்டு மகாராசா மாதிரி ஒக்காந்திருக்கு. "இது புள்ளைக்கு வாங்க வேண்டிய வண்டியாச்சேடி"ன்னேன். "புள்ளையா? எதுக்குப் பாட்டி? இதுவே போதும் லா"ன்னுட்டா.

எதுக்குன்னு கேக்குறா பாருங்க. எங்க வீட்டுல அந்தக் கேள்வியே கெடையாது. எந்தப் புள்ள எதுக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

எங்கப்பாவுக்கு கச்சாங் பூத்தே யாவாரம். வறுத்த கடல, பட்டாணி, முறுக்கு எல்லாம் வண்டில வச்சு குவீன்ஸ்டவுன்ல தியேட்டர் வாசல்ல விப்பாரு. பெரியண்ணன் வண்டி தள்ளுறதுக்கு. பெரியக்கா வறுக்குறதுக்கு. சின்னண்ணன் தேக்கா சந்தையிலேர்ந்து கடல மூட்ட தூக்கிட்டு வர்றதுக்கு. சின்னக்கா பட்டாணி ஊறப்போட்டு சொத்த பொறுக்குறதுக்கு. கடைசி நானு, பொட்டலம் சுத்துறதுக்கு. வீடு வீடாப் பழைய பேப்பர் எடுக்குற காராங்குனிக்காரர்கிட்ட எடைக்கு வாங்குன பழைய பள்ளிக்கூட நோட்டக் கிழிச்சு, கூம்பாச் சுத்தி, பசை தடவி ஒட்டணும். ஊரு புள்ளைங்க படிச்ச படிப்பெல்லாம் என் கை வழியாத்தான் போச்சு. ஒண்ணும் தலையில ஏறல, அது வேற.

எனக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்கன்னு அப்பாவப் போட்டு அரிச்சுக்கிட்டே இருப்பேன்.

"ஒனக்கு அடுத்தாப்ல ஒண்ணு வரட்டும் புள்ள. அது பொட்டலத்தப் பாத்துக்கும். நீ ஜம்முன்னு போ"ம்பாரு.

அப்ப அம்மா வயித்துல புள்ள. எனக்குத் தலகால் புரியல. தெனம் வயித்துக்கிட்ட வாய வச்சு, "சீக்கிரம் வா, வேல கெடக்கு"ன்னு வெரட்டுவேன்.

"வந்ததும் வேலையாடி? மூஞ்சியாவது கழுவிக்கட்டும்"னு அம்மா சிரிப்பாங்க.

ஆஸ்பத்திரிலேர்ந்து தங்கச்சியத் தூக்கிட்டு வந்தாங்க. செவசெவன்னு, எலிக்குஞ்சு மாதிரி. அம்மா குளிக்கப் போன நேரமாப் பாத்து, நான் ஒரு தாளக் கிழிச்சு அவ உள்ளங்கையில வச்சேன். கப்புன்னு புடிச்சுக்கிட்டா! இழுத்தாலும் விடல. "ஆள் வந்தாச்சு! நான் பள்ளிக்கூடம் போறேன்!"னு வீடே இடியறாப்ல கத்துனேன்.

அப்பா வந்து பாத்தாரு. "அட, ஒன்னவிடக் கெட்டிக்காரியா இருக்காளே!"

அம்மா ஈரத் தலையோட வந்தாங்க. அவங்க சிரிக்கல. தங்கச்சி வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு அந்தத் தாள எடுத்துட்டாங்க.

"இவ கையில இதக் குடுக்காத."

"இப்பவா சுத்தப் போறா? வளரட்டும்"னாரு அப்பா.

"வளந்தாலும் வேணாங்க. இவ வேலைக்கு இல்ல. இதோட போதும்னு நர்ஸம்மாகிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்."

அப்பா முழிச்சாரு. "வேலைக்கு இல்லன்னா பின்ன எதுக்கு?"

அம்மா தங்கச்சியத் தூக்கி மடியில போட்டுக்கிட்டாங்க. அப்படி ஒரு கேள்விய அவங்களும் அப்பத்தான் கேக்குறாங்க போல.

"சும்மாத்தான். பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு."

"பாக்கறதுக்குத்தான் தியேட்டர் இருக்கே!"ன்னு முணுமுணுத்துக்கிட்டு அப்பா வண்டிக்குப் போயிட்டாரு.

எனக்கு அழுகையா வந்துச்சு. வந்தவ வேலைக்கு இல்லயாம். அடுத்து வேற யாரும் வரப்போறதும் இல்லயாம். அப்ப நான் எப்பத்தான் பள்ளிக்கூடம் போறது? அம்மா இப்படி ஒண்ணுத்துக்கும் ஒதவாத ஒரு புள்ளயப் பெத்துட்டு வந்துருக்காங்களேன்னு அப்பா மேல பரிதாபம் வேற. (பின்னால எப்படியோ ரெண்டு வருசம் போனேன். தங்கச்சிதான் படிச்சு டீச்சராச்சு.)

அன்னிக்கு மூக்க உறிஞ்சிக்கிட்டு மூலையில ஒக்காந்து சுத்த ஆரம்பிச்சேன். அம்மா எதுத்தாப்ல, தங்கச்சிக்குப் பால் குடுத்துக்கிட்டு. என்னையே பாத்தாங்க. தங்கச்சி தூங்கிப்போச்சு, அப்பவும் எம்மேலேர்ந்து கண்ண எடுக்கல.

பொட்டலம் கோணலா இருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டேன். பிரிச்சு, மறுபடி நல்லா இறுக்கிச் சுத்துனேன்.