பலகை ஏறிப் பார்த்த கண்காட்சி

இன்று வாலாஜாபாத் பக்கத்துக் கிராமப் பள்ளியில், ஹிட்லர் ஆட்சியில் நடந்த யூதப் படுகொலை பற்றிய படக் கண்காட்சிக்குப் போய்வந்தேன். போலியோவுக்குப் பிறகு எனக்குக் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டிதான் கால்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரர். போன வாரமே, வண்டியில் வர முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"படி இருக்குதேம்மா. வா, பசங்க தூக்கினு போவாங்க."

"தூக்க வேணாம் சார். பக்கத்து ரைஸ் மில்லுல மூட்டை ஏத்துற பலகை இருக்குது. அத்தப் படி மேல சாய்ச்சுப் போடுங்க, நானே வர்றேன்."

போட்டிருந்தார். பஸ் கூரை மேல் ஏற்றிக் கொண்டுவந்த வண்டியைப் பலகை வழியே நானே ஓட்டி உள்ளே போனேன்.

ஊனமுற்றவர்களையும் கொன்றார்கள் என்று ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தது. ஒருவரும் தூக்காமல் அதன் எதிரே போய் வண்டியை நிறுத்தினேன். முதுகு தானாக நிமிர்ந்தது.

வெளியே வரும்போது பார்த்தால், கால் நன்றாக உள்ளவர்களும் படியை விட்டுப் பலகையில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். நீங்களாயிருந்தால் எதில் ஏறுவீர்கள்?