இரண்டு தாள் பொட்டலம்

முதலில் கேட்டது கமலாம்பிகைதான். "அக்கா, இந்தத் தாள் உங்களுக்கு எங்கே கிடைச்சது?"

வடிவம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரும்புச் சட்டியில் வறுபடும் கச்சானை, அதாவது வேர்க்கடலையை, கிளறிக்கொண்டே, கருகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, கச்சான் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் கமலாம்பிகை. உப்புக் குறைச்சலா? அதுவும் இல்லை.

"அப்ப கச்சானைத் தின்னுட்டுத் தாளைத் தூக்கிப் போடுங்க டீச்சரம்மா. தாள்மேல ஆசை வைக்கிறது ரெண்டே பேருதான். ஒண்ணு மாடு, இன்னொண்ணு கெம்பெய்த்தாய்."

கமலாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. ஜப்பான் இராணுவப் போலீசை வைத்துச் சிரிப்பதென்றால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். பார்த்தாள். சூலியா ஸ்ட்ரீட் முனையில் அப்போது ஒரு ரிக்‌ஷாக்காரர் மட்டும் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, ஒரு பொட்டலத்துக்கு ஏன் இரண்டு தாள் என்று கேட்டாள். வெளித்தாள் ஜப்பான்காரர்கள் நடத்தும் பத்திரிகை. உள்தாள் போருக்கு முன் வந்த ஏதோ ஓர் ஆங்கில வார இதழின் பக்கம்.

வடிவம்மாள் காரணம் சொன்னாள். புதுப் பத்திரிகைத் தாள் வெங்காயச் சருகு மாதிரி; சூடான கச்சான் விழுந்ததும் கிழிந்துவிடுகிறது. பழைய தாள் தாங்கும். ஆனால் அதை வெளியே காட்டினால் கேள்வி வரும். "அதான் உள்ள வெள்ளைக்காரன், வெளிய ஜப்பான்காரன். ரெண்டு பேரும் என் கச்சானுக்குக் காவல்."

கமலாம்பிகை கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள். "தினமும் அஞ்சு பொட்டலம் எடுத்துக்கொள்ளுறன். உள்தாள் எல்லாம் இங்கிலீஷா இருக்க வேணும். முடியுமோ?"

"எனக்கு எந்த எழுத்தும் ஒண்ணுதான். ஆனா படம் தெரியும். சோப்புப் படம், பிஸ்கட் டின் படம், தொப்பி போட்ட பொம்பளை படம். அதெல்லாம் இங்கிலீஷ்தானே?"

"பெரும்பாலும்."

"அப்பத் தர்றேன். எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. தெரியாததை அடிச்சாலும் சொல்ல முடியாதுலா."

இது 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த பேச்சு. கமலாம்பிகைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பினாங்கில் குமாஸ்தாவாக இருந்தவரின் மகள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் படித்தவள். பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் மேல்வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. பள்ளி மறுபடி திறந்தபோது ஆங்கிலம் கூடாது, நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி மட்டும் என்றார்கள். புத்தகங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். இரண்டு ரிக்‌ஷாக்களில் ஏற்றி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதன்பின் காலையில், தான் போன வாரம் கற்ற ஜப்பானியப் பாட்டை இந்த வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிற்பகலில் டத்தோ கிராமட் சாலை வீட்டில் தையல் வகுப்பு. வருபவர்கள் ஐந்தே பேர், எல்லோரும் பரீட்சைக்குத் தயாராகிப் போரால் நின்றுபோன பெண்கள். ஊசி எல்லோரிடமும் இருந்தது, நூல்தான் அதிகம் செலவாகவில்லை. போர் எப்போது முடிந்தாலும் மறுநாளே இந்த ஐவரும் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தினமும் அதற்காகத்தான் எழுந்தாள்.

அதற்குப் புத்தகம் வேண்டும். ஊரில் இருந்த புத்தகங்கள் எல்லாம் எடைக்கு விற்கப்பட்டுப் பொட்டலத் தாளாகிக்கொண்டிருந்தன.

முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் போயிற்று. வடிவம்மாள் படம் பார்த்துத் தாள் பொறுக்கியதால், கதையும் கட்டுரையும் நிறைந்த பக்கங்கள் சாக்கிலேயே தங்கிவிட்டன. வந்தவை எல்லாம் விளம்பரங்கள்: சோப்பு, பல்பொடி, சைக்கிள் டயர். கமலாம்பிகை இலக்கியம் கேட்டாள், கிடைத்தது பல்பொடி. மாற்றித் தரச் சொல்லலாம் என்று நினைத்திருந்தபோதுதான் புஷ்பராணி குறுக்கிட்டாள்.

புஷ்பராணி ஐவரில் இளையவள், வாய் சும்மா இருக்காதவள். அவள் கையில் ஒரு டானிக் விளம்பரம் இருந்தது. இடப்பக்கம் சோர்ந்த பெண்ணின் முகம், வலப்பக்கம் மலர்ந்த முகம், நடுவில் சீசா. மூன்று வாரம் குடித்தால் இப்படி ஆகலாம் என்று கீழே எழுதியிருந்தது. "டீச்சர், ரெண்டும் ஒரே மூஞ்சிதான். இங்க தலை சீவல, அங்க சீவிட்டா. சீப்பு வாங்கினாப் போதும், டானிக் எதுக்கு?"

மற்ற நால்வரும் சிரித்து ஓய்ந்த பிறகும் கமலாம்பிகை அந்தத் தாளை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஆங்கிலத்தில் வாயே திறக்காத பெண்கள், மறுநாள் சோப்பு விளம்பரத்தோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கதைப் பக்கம் கேட்கவே இல்லை. எண்ணெய் படிந்த தாள்களை வெயிலில் காயவைத்து, பழைய காலண்டர் அட்டைகளில் மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டினாள். ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் தன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் கேள்விகள் எழுதினாள். பேசுவது யார்? யாரிடம்? என்ன செய்யச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். அட்டைகள் மேசைவிரிப்புத் துணிக்கடியில் வளர்ந்தன. போர் முடிந்து எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது, டானிக் அட்டை. அது எங்கே போயிற்று என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வெளித்தாளைப் பாடத்துக்கு எடுக்க அவள் நினைக்கவில்லை. அதை அடுப்பில் போடச் சொல்லியிருந்தாள். ஆனால் கேள்வி கேட்கப் பழகிய கண் சும்மா இருக்குமா? ஒருநாள் புஷ்பராணி பழைய வெளித்தாள் இரண்டை அருகருகே வைத்துக் காட்டினாள். செய்திப்படி ஜப்பான் படை ஒரே பட்டணத்தை மூன்று வாரத்தில் இரண்டு முறை பிடித்திருந்தது. நடுவில் அதை விட்டதாக எங்கும் எழுதவில்லை. கமலாம்பிகை இரண்டையும் வாங்கி அடுப்பில் போட்டாள். பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு, "சரியான விடை" என்றாள்.

வடிவம்மாளும் அந்த வகுப்பில் சேராமல் சேர்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து காவான் தோட்டத்தில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பழனியப்பனைக் கட்டிக்கொண்டு வெல்ட் கீ கூலி லைனில் ஒரு வரிசைவீட்டுக்கு வந்தவள். மூட்டை விழுந்து அவருக்குக் கால் முறிந்த வருஷம் சட்டி எடுத்தாள். கால் சரியான பிறகும் சட்டியை விடவில்லை. தாளைச் சுருட்டி, அடிமுனையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, கச்சானைக் கொட்டி, மேலே இன்னும் நாலு மணி போடுவாள். அந்த நாலு மணிக்காகவே ஆள் வரும். ஒருமுறை முகம்மது என்ற போலீஸ்காரர் அவள் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்தார். வெளித்தாளில் ஜப்பான் தளபதியின் படம் இருந்ததால் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உள்தாளில் கையைத் துடைத்துச் சாக்கடையில் எறிந்தார். "அன்னைக்கு ஒரு சோப்புப் பாடம் போச்சு டீச்சரம்மா" என்று வடிவம்மாள் கமலாம்பிகையிடம் வருத்தப்பட்டாள். சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஏப்ரலில் பழனியப்பனைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் என்றார்கள். எழுதத் தெரிந்த யாரிடமாவது சொல்லிக் கடிதம் போடுவதாக அவர் சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது மாதமும் கடிதம் வரவில்லை. வடிவம்மாள் பொட்டலம் மடிப்பதில் மாற்றம் எதுவும் இல்லை, பேச்சு மட்டும் குறைந்தது.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் இடுப்பிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். தமிழில் அச்சடித்தது. சயாமில் வேலை செய்பவர்களின் மனைவிமார் கணவரோடு போய்ச் சேரலாம், ரயில் இலவசம், வீடும் அரிசியும் உண்டு, பெயர் கொடுத்தவர்கள் புதன்கிழமை காலை பெர்ரிப் படகுத்துறைக்கு வர வேண்டும். மேலே படம்: ஓலை வீடு, தோளில் மண்வெட்டியோடு சிரிக்கும் ஆண், பக்கத்தில் பெண். ஆள் சேர்க்கும் குமாஸ்தாவான கிராணி ராமதாஸ் வாசித்துக் காட்டினாராம். சரியாகத்தான் வாசித்தாரா என்று டீச்சரம்மா பார்த்துச் சொல்ல வேண்டும்.

கமலாம்பிகை வாசித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. இதற்கு எதிராக ஒரு வார்த்தை பேசியவர்களைக் கொண்டுபோன கதைகள் அவளுக்குத் தெரியும். ராமதாஸ் வாசித்தது சரிதான் என்று மட்டும் சொன்னாள். வடிவம்மாள் தலையாட்டினாள். சட்டியைத் தேநீர்க்கடை ஹனீபாவுக்கு விற்கப் பேசிவிட்டதாகவும், சாக்கில் மிச்சமிருக்கும் தாள் முழுவதும் டீச்சரம்மாவுக்குத்தான் என்றும் சொன்னாள்.

அன்று பிற்பகல் கமலாம்பிகை அந்த நோட்டீசின் இன்னொரு பிரதியைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாதாரணமாக அவள் செய்யக்கூடிய காரியமே இல்லை. மேசையில் வைத்தாள். புஷ்பராணி ஒரு பார்வை பார்த்தாள். "டானிக் மாதிரியே இருக்கு டீச்சர்."

அவ்வளவுதான். காலையில் தெருவில் வைத்துத் தன் வாய்க்கு வராததை அந்தப் பெண் ஐந்து நொடியில் சொல்லிவிட்டாள். கற்பித்தவளும் தானே, பயந்தவளும் தானே.

மறுநாள் பள்ளி விட்டதும் டானிக் அட்டையை மேசைவிரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு வெல்ட் கீ லைனுக்குப் போனாள். வடிவம்மாள் இரண்டு சேலையையும் ஒரு செம்பையும் மூட்டை கட்டி முடித்திருந்தாள். கமலாம்பிகை தரையில் உட்கார்ந்து, அட்டையையும் நோட்டீசையும் அருகருகே வைத்தாள். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. டானிக் படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

வடிவம்மாள் எரிச்சலோடுதான் குனிந்தாள். பொட்டலம் மடிக்கும்போது எத்தனையோ முறை பார்த்த படம். தலை சீவிய விஷயத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. பிறகு கமலாம்பிகை சொல்லாமலே நோட்டீசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இவன் மம்பட்டி பிடிச்சதே இல்ல" என்றாள். "பாருங்க, வெட்டுவாய் கழுத்துப் பக்கம் இருக்கு. அஞ்சு மாசம் மண்ணு வெட்டினவன் சட்டை இப்படியா இருக்கும்?" நோட்டீசைக் கீழே இறக்கினாள். "பொய்யாவே இருக்கட்டும். அவரு அங்கதானே இருக்காரு."

"அங்கே எண்டா எங்கே அக்கா? எந்த ஊரிலை இறக்குவினம் எண்டு இதிலை இல்லை."

வடிவம்மாள் மூட்டையைப் பார்த்தாள். பிறகு நோட்டீசைக் கமலாம்பிகையின் மடியில் வைத்தாள். "திரும்ப வாசிங்க. நேத்து எழுதியிருந்ததை வாசிச்சீங்க. இன்னைக்கு எழுதாததை வாசிங்க."

கமலாம்பிகை வாசித்தாள். ஊர்ப் பெயர் இல்லை. கடிதம் போட விலாசம் இல்லை. எத்தனை மாதம் என்று இல்லை. திரும்பி வருவதற்கு ரயில் உண்டா என்று இல்லை. நோய் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று இல்லை. போன ஆண்களில் ஒருவரின் பெயர்கூட இல்லை. முடியும்வரை நிறுத்தவில்லை. வடிவம்மாள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. நேரமாகிறது, வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னாள்.

பழனியப்பன் திரும்பி வரவில்லை. போர் முடிந்த பிறகு, அவரோடு போய்த் திரும்பிய ஒருவர் வந்து, அவர் ஜூலையிலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார். நோட்டீஸ் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. வடிவம்மாள் அதன்பின் பல வருஷம் அதே முனையில் கச்சான் விற்றாள். ஐந்து பெண்களில் நால்வர் பரீட்சை எழுதித் தேறியபோது வகுப்புக்கு ஒரு சாக்குக் கச்சான் அனுப்பினாள், தாளில்லாமல்.

ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் இவை எதுவும் யாருக்கும் தெரியாது. பள்ளிக்குப் போகும் வழியில் கமலாம்பிகை சூலியா ஸ்ட்ரீட் முனைக்கு வந்தாள். தூரத்திலிருந்தே கச்சான் வாசனை வந்தது. ஹனீபாவிடமிருந்து சட்டியைத் திருப்பி வாங்கி, அடுப்பு மூட்டி, வடிவம்மாள் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, கை வழக்கம்போலக் கிளறிக்கொண்டிருந்தது. பெர்ரி எட்டரை மணிக்கு. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கமலாம்பிகை ஐந்து பொட்டலத்துக்காகக் கையை நீட்டினாள். வடிவம்மாள் கொடுக்கவில்லை. சட்டியை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கமலாம்பிகையின் கையெழுத்து அந்த டானிக் அட்டையின் பின்னால் இருப்பதும், அது பிடிபட்டால் யாரைத் தேடி வருவார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும்.

"டீச்சரம்மா, அந்த ரெண்டு மூஞ்சி அட்டையை எனக்குக் குடுங்க. எங்க லைன்ல இன்னும் ஆறு பொம்பளைங்க பேரு குடுத்துட்டு மூட்டையோட நிக்கிறாங்க."