கதவோரம் இருந்த கம்ப்யூட்டர்

மணலியில் எங்களுக்கு லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மாடியில் வீடு. பி.காம். படித்தவள் என்பதால் பில், ஜிஎஸ்டி கணக்கெல்லாம் என் பொறுப்பு. கடையின் கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றுபோனது. ரிப்பேர்காரர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டை வெளிச்சத்தில் காட்டினார். செம்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் கறுத்திருந்தது.

"தண்ணி பட்டிருக்குமோ?" என்றேன்.

"தண்ணி இல்லக்கா, காத்து. சுத்தி இருக்கற கம்பெனிங்க விடுற பொகை செம்பத் தின்னுடும். இந்த ஏரியால மெஷினு ரெண்டு வருசம் தாண்டுனா கேக் வெட்டணும். புச்சு வாங்குனா கதவாண்ட வெக்காத."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரும் என் மகளும் ஒரே மாதத்தில் இந்த வீட்டுக்கு வந்தவர்கள். மாடியில் அவள் இருமுவது கேட்டது.

டெஸ்க்டாப்பே போதும், திரை பெரிது, விலையும் குறைவு என்றார் கணவர். நான் லேப்டாப்தான் வேண்டும் என்றேன்.

"இன்னாம்மா, இடுப்புல ஒண்ணு பத்தாதா? அதையும் தூக்கிகினு சுத்தப் போறியா?" என்று கேட்டார் மாமியார்.

கரண்ட் போனாலும் வேலை நிற்காது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மைக் காரணம் தாம்பரத்தில் இருக்கும் என் அம்மா வீடு. கணக்கு கையோடு வந்தால், மகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரும் தடுக்க முடியாது.

வாங்கிய பிறகும் போகவில்லை. டாக்டர் சாதாரணச் சளிதான் என்றார். மாமியார் பெற்ற மூன்று பேரும் இந்தக் காற்றில்தான் வளர்ந்தார்கள். அதில் ஒருவர் கீழே கல்லாவில் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் அதிகம் பயப்படுகிறேனோ?

ஆனாலும் தினமும் கணக்கைத் திறப்பதற்கு முன், லேப்டாப்பில் சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். உலோகம் பளபளவென்று இருந்தால்தான் மூச்சு வரும். போன வாரம் அதன் ஓரத்தில் ஒரு கறுப்பு தெரிந்தது. பஞ்சால் துடைத்தேன். போகவில்லை.

மகளின் துணிகளை எடுத்து வைத்தேன்.

"அம்மா வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வரேங்க."

"இந்த மாசக் கணக்கு?"

"அங்கேருந்தே போட்டுடுறேன்."

அவரே சார்ஜரைச் சுருட்டிப் பையில் வைத்தார். ரயிலில் மகள் மடியில் தூங்கினாள். அவள் நெஞ்சில் கை வைத்தபடியே வந்தேன். லேப்டாப்பில் பார்த்த அந்தக் கறுப்பு வெறும் தூசியாக இருந்திருந்தால் என்ன சொல்வேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். தூசியாகவே இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.