சேவல் சோப்பு வழக்கும் பக்கத்து வீட்டு வக்கீலும்

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்குள் நுழைவதற்கு முன்பே எங்கள் அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அலுவலகத்தை யாரிடம் விட்டுப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அங்கே மிஞ்சிய வக்கீல்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் காஜா பேராங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்தவன். சிரம்பானில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அப்பா என்னைக் கப்பலேற்றிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் துரையிடமே பயிற்சி எடுத்து, இங்கேயே தேர்வு எழுதி வக்கீலானவர். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வழிவந்த செட்டி மக்கள் விபூதி பூசி மாரியம்மனைக் கும்பிடுவார்கள். வீட்டில் பேசுவதெல்லாம் மலாய்தான். அவரிடம் இருந்த தமிழ் கோயிலுக்குப் போதும், அதற்கு மேல் போகாது. காலையில் என்னைப் பார்த்தால், "அண்ணே, சாப்ட்டியா?" என்பார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். 'அண்ணே' என்று தொடங்கி 'சாப்ட்டியா' என்று முடிப்பதில் ஏதோ இடிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. நான் திருத்தியதில்லை. அவரிடம் ஒரு குறை இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆங்கிலத்தில் வாதாடும்போதும் அவருக்குக் காலம் பிசகும். நடந்ததை நடக்கிறது என்பார். துரை இருந்த நாளில் பெரிய வழக்கெல்லாம் எனக்கு வரும், சின்னது அவருக்குப் போகும். எங்களுடையது வியாபார வழக்குகள் பார்க்கும் அலுவலகம். கூட்டு பிரிந்தால் எந்த இயந்திரம் யாருக்கு, பேசியபடி சரக்கு வராவிட்டால் யார் பொறுப்பு, ஒருவர் முத்திரையை இன்னொருவர் குத்தி விற்றால் என்ன செய்வது, இப்படி. மூவார், தம்பின் வரைக்கும் போய்வருவோம்.

ஜப்பான்காரர்கள் கோர்ட்டுகளை மறுபடி திறந்தபோது உள்ளூர் ஆட்களையே மாஜிஸ்திரேட்டாக உட்காரவைத்தார்கள். சட்டம் பழைய சட்டந்தான். ஆனால் கோர்ட்டில் ஜப்பானிய மொழி பேச வேண்டும், வராவிட்டால் மலாய். ஆங்கிலம் கூடாது. ஜப்பானிய மொழி எங்கள் இருவருக்குமே வராது. ஆகவே மலாய்.

அன்று சாயங்காலம் என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்: "உங்களுக்குத்தான் மலாய் வருமே. அப்புறம் என்ன முகத்த தூக்கி வச்சிருக்கீங்க?"

"பேசுவேன். வாதாடுனதில்ல."

"நீங்க பேசுறது மீன்காரன்கிட்ட பேசுற மலாய்ங்க" என்றாள். மலாக்காவிலேயே பிறந்தவள், மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடியவள். சொன்னது பொய்யில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேவல் சோப்பு வழக்கு வந்தது. வெளியிலிருந்து சோப்பு வருவது நின்றுபோன காலம். கிளேபாங் கடற்கரைப் பக்கம் ஒரு தமிழர் தேங்காய் எண்ணெய் காய்ச்சி சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் கூலிகளை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்தவர். கட்டியின் மேல் சேவல் முத்திரை இருக்கும். அவரோடு கூட்டாக இருந்த ஒரு சீனர் சண்டை போட்டுப் பிரிந்து, நகரத்துக்குள் தனியாகச் சோப்புப் போட ஆரம்பித்தார். அதே சேவலைக் குத்தினார். கிளேபாங்காரர் என்னிடம் வந்தார். சீனர் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனார். ஒரே அலுவலகத்தில் இருந்துகொண்டு எதிரெதிரே நிற்க முடியாது என்று சொல்லி, அவர் தம் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வீட்டு முன்னறைக்கே போய்விட்டார். பெரிய அலுவலகம் எனக்கு வந்தது. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

வழக்கு எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. முத்திரை ஒன்றாக இருந்தால் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். அதைச் சொல்ல பாசாரில் கடை வைத்திருந்த ஒரு மலாய்க்கார அம்மாளைச் சாட்சியாகக் கூட்டிவந்தேன். இரண்டு சேவலும் ஒன்று போலவே இருக்கிறது என்று அந்தம்மாள் சொன்னார். நான் திருப்தியாக உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தார். அவர் மலாய் பேசி ஆயிரம் முறை கேட்டிருப்பேன். கோர்ட்டில் அன்றுதான் முதல் முறை. பழைய ஆளே இல்லை. குரல் இறங்கி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் விழுந்தது. அந்தம்மாளை "மாக்சிக்" என்று, பெரியம்மா முறை வைத்துக் கூப்பிட்டு, உடம்பு சௌக்கியமா, நடந்தா வந்தீங்க என்று விசாரித்தார். பிறகு கேட்டார்:

"மாக்சிக் வீட்டுக்கு எந்தச் சோப்பு வாங்குறீங்க?"

"கிளேபாங் சோப்புதான்."

"சேவல பார்த்து வாங்குவீங்களா?"

அந்தம்மாள் சிரித்துவிட்டார். "சேவல வச்சு நான் என்ன பண்றது? மோந்து பார்ப்பேன். கிளேபாங் சோப்புல எண்ணெய் வாசம் அடிக்காது. எங்க கிணத்துத் தண்ணியிலயும் நுரைக்கும். இன்னொண்ணு நுரைக்காது."

"அப்ப உங்கள யாரும் ஏமாத்த முடியாது."

"சோப்பு விஷயத்துல முடியாது."

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டே சிரித்தது. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜப்பானிய அதிகாரிகூட மொழிபெயர்ப்பாளர் காதில் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். நான் எழுந்து மறுமொழி சொல்லப் பார்த்தேன். 'முத்திரையின் நற்பெயர்' என்பதற்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. 'நல்ல சேவல்' என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் சிரித்தார்கள். வழக்கு தோற்றது.

அன்றிலிருந்து எனக்குள் ஒன்று புகுந்துகொண்டது. காலையில் அவர் தெருவில் இறங்கி நடப்பதைச் சன்னல் வழியாகப் பார்ப்பேன். சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம், எல்லாரும் நடைதான். காஜா பேராங் சாலை நெடுக அவரை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். சீனக் கடைக்காரர், மலாய்க்கார வண்டிக்காரர், ஆற்றங்கரைக் கிட்டங்கிக்காரர் எல்லாரும். பத்தடி பின்னால் நான் போவேன். எனக்கும் வணக்கம் சொல்வார்கள், தொப்பி போட்டவனுக்குச் சொல்லும் வணக்கம். அவரிடம் பேசுவார்கள். இந்த வித்தியாசம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

வீட்டிலும் விடவில்லை. என் மனைவி அவர் வீட்டுக்குப் போய் மரவள்ளிக்கிழங்கில் விதவிதமாகப் பலகாரம் செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். அரிசி இல்லாத நாளில் அது பெரிய உதவி. வாழையிலையில் மடித்து அவித்த ஒன்றை என் முன்னால் வைத்து, "அவரு கோர்ட்டுல பேசுறதுக்கு முந்தி வீட்ல சம்சாரத்துக்கிட்ட பேசிப் பார்ப்பாராம். அவங்களுக்குப் புரியலைன்னா மாத்திடுவாராம்" என்றாள்.

"ஓ."

"நீங்களும் என்கிட்ட பேசிப் பாருங்களேன்."

வேண்டாம் என்றேன். ஒரு வாரம் பலகாரத்தையும் தொடவில்லை. பசி ஜெயித்தது. பலகாரத்தைத் தின்றேன், மனைவியிடம் மலாயில் வாதாடவும் ஆரம்பித்தேன். அவள் கறி நறுக்கிக்கொண்டே நீதிபதியாக இருப்பாள். "புரியலங்க, மறுபடி சொல்லுங்க" என்பாள். லண்டனில் என்னை யாரும் அப்படி வாட்டியதில்லை. மாதங்கள் போகப் போக என் மலாய்க்கு முதுகெலும்பு வந்தது. சின்னச் சின்ன வழக்குகளில் ஜெயிக்கவும் செய்தேன். இனி அவரோடு மோதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில் அவரை மாஜிஸ்திரேட் ஆக்கிவிட்டார்கள்.

பழைய மாஜிஸ்திரேட் சீக்காளி, விலகிவிட்டார். சோப்பு வழக்கில் தலையாட்டிய அந்த ஜப்பானிய அதிகாரி இவர் பெயரைச் சொன்னாராம். விஷயம் கேட்டு வந்த அன்று என் மனைவி, "போய் நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றாள். போனேன். அவர் வீட்டு வாசலில் ஏற்கெனவே கூட்டம். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "அண்ணே, உக்காரு" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இது வேணாம். முடியாதுன்னு சொல்லவும் வழியில்ல."

நான் நம்பவில்லை. ஆசையை மறைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் முதல் அவர் உயரத்தில் உட்கார, நான் கீழே நின்று, ஐயா என்ற பொருளில் "துவான்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கிளேபாங் சோப்புக்காரர் மறுபடி என்னிடம் வந்தார். "என்கிட்டயா?" என்று கேட்டேன்.

"அவரு மேல உக்காந்துட்டாரே, லாயர் ஐயா. வேற யாரு இருக்கா?" என்றார் வெள்ளையாக.

இந்த முறை விஷயம் பெரியது. ராணுவத்துக்குச் சரக்கு சேர்த்துக் கொடுக்கும் ஒரு உள்ளூர் வியாபாரி, மாதாமாதம் சோப்பு தர வேண்டும் என்று இவரோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். எண்ணெய் கிடைக்காமல் ஒரு மாதம் சோப்பு குறைந்தது. வியாபாரி லாரியில் ஆட்களோடு வந்து சோப்புக் காய்ச்சும் அண்டாக்களையும் அச்சு இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒப்பந்தத்தை மீறியவனுக்கு இதுதான் என்றாராம். அண்டா இல்லாமல் அவருக்குப் பிழைப்பில்லை. வேலை செய்துகொண்டிருந்த பெண்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வழக்கு நாளில் வியாபாரி தனியாக வரவில்லை. கூடவே ஒரு ராணுவ அதிகாரி வந்து முன்வரிசையில் கத்தியை முழங்காலுக்கு நடுவில் நட்டுவைத்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும், இராத்திரியெல்லாம் மனைவி முன்னால் ஒத்திகை பார்த்த வாதம் வாய்க்கு வரவில்லை. நல்ல மலாயில், மிக நல்ல மலாயில், என் கட்சிக்காரர் சமாதானமாகப் போகத் தயார், அண்டாக்களில் பாதியை வியாபாரி வைத்துக்கொள்ளலாம் என்று பேசத் தொடங்கினேன். சோப்புக்காரர் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

மாஜிஸ்திரேட் கையை உயர்த்தினார். "வக்கீல் கொஞ்சம் நிறுத்துங்க. நான் ஒண்ணுதான் கேக்கிறேன். அந்த அண்டா யாருது?"

நான் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"யாருது?"

"என் கட்சிக்காரருடையது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"உட்காருங்க" என்றார். வியாபாரியிடம் திரும்பினார். "ஒப்பந்தத்துல சோப்புன்னு இருக்கு. அண்டான்னு எங்கயும் இல்ல. சோப்பு குறைஞ்சதுக்கு வழக்குப் போடணும்னா போடு. அண்டாவத் திருப்பிக் குடு." அதே நிதானம், அதே இறங்கிய குரல். முன்வரிசையை அவர் பார்க்கவேயில்லை. மொழிபெயர்ப்பாளர் ராணுவ அதிகாரியின் காதில் சொல்லி முடித்தார். அதிகாரி எழுந்து வெளியே போனார்.

நான் ஜெயித்தேன். அந்த வழக்கை இன்றும் ஊரில் என் பெயரோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அன்று மத்தியானம் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வந்தது சந்தோஷமில்லை. அவர் மலாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், சரி, மலாய் கற்றுக்கொள்ளலாம். நாற்காலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நாற்காலி இன்றைக்கு ஒருவருக்கு, நாளைக்கு ஒருவருக்கு. முன்வரிசையைப் பார்க்காமல் பேசினாரே, அதை எந்த மனைவியிடம் ஒத்திகை பார்ப்பது? அந்த மத்தியான வெயிலில் அவரை நான் வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அண்டாக்கள் கிளேபாங்குக்குத் திரும்பிப் போயின. அந்த வாரமே ஒரு காலையில் ராணுவ லாரி வந்து பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனது. என் மனைவி அவர் வீட்டில் போய்த் தங்கினாள். நானும் தினம் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவர் சம்சாரந்தான் எனக்குக் காப்பி என்ற பெயரில் ஏதோ ஒன்றைக் கலக்கிக் கொடுத்து, "பயப்படாதீங்க, அபாங்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார். கணவன் எங்கே என்று தெரியாமல் நிற்பவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த வீட்டில் எல்லாருமே இப்படித்தானா என்று இருந்தது.

பல வாரம் கழித்து விட்டார்கள். பாதி ஆளாக வந்தார். இடது காது கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. மாஜிஸ்திரேட் வேலை போயிற்று. கொல்லையில் மரவள்ளி போட்டார். அவர் வக்கீலாக வராத கோர்ட்டில் என் கை ஓங்கியது. போட்டியில்லாமல் ஜெயித்தவனுக்கு அதில் ருசி இருக்காது. எனக்கும் இல்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் துரை வரவில்லை; சிறை முகாமிலேயே போய்விட்டார் என்று சேதி வந்தது. கோர்ட்டில் ஆங்கிலம் திரும்பியது, கூடவே என் பழைய மதிப்பும். அலுவலகத்தில் சேர்ந்துகொள்ளும்படி அவரைக் கேட்டேன். மனதாரக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர், "வேணாம் அண்ணே, வீடு போதும்" என்று சிரித்தார்.

அவர் வீட்டு வாசலில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. ஆங்கிலம் பிசகுகிற, ஒரு காது கேட்காத வக்கீலைத் தேடி மூவாரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். சோப்புக்காரரும் அங்கேதான் போனார். ஒரு நாள் அந்தப் படியில் இறங்கும்போது என்னிடம் மாட்டிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க, லாயர் ஐயா. நீங்க நல்லாத்தான் பேசுவீங்க."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். "அவரு முன்னாடி உக்காந்தா எனக்குப் பயம் போயிடுது" என்றார்.

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நானும் வழக்கில் மாட்டியிருந்தால் அவரிடந்தான் போயிருப்பேன்.

அதன் பிறகு எத்தனையோ வருடம் எதிரெதிரே நின்றோம். சில வழக்கில் நான் ஜெயித்தேன், சிலதில் அவர். கோர்ட்டு முடிந்தால் சேர்ந்தே காஜா பேராங்குக்கு நடப்போம். அவருக்குக் கேட்க வேண்டுமென்று நான் வலப்பக்கமாக வருவேன். தெருவில் அவரை நிறுத்திப் பேசுவார்கள். நான் நின்று காத்திருப்பேன். பொறாமை போயிற்றா என்றால், போகவில்லை. அதோடு நடக்கப் பழகிவிட்டேன்.